வாசகர் கேள்வி – பதில்: முதல் எல்க் வேட்டைக்கு வழிகாட்டி வேண்டுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் டென்வர் நகரில் எச்-1பி விசாவில் ஐந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறான். டெக்சாஸில் இருக்கும் தன் மச்சானுடன் சேர்ந்து வரும் அக்டோபரில் முதன்முறையாக, எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகத் திட்டமிட்டிருக்கிறான். வழிகாட்டி வைத்தால் ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும் என்றும், அரசுக் காட்டில் தாங்களே போனால் உரிமக் கட்டணத்தோடு முடிந்துவிடும் என்றும் சொல்கிறான். எனக்கு வயது 61. என்னையும் உடன் வரச் சொல்கிறான். சிறு வயதில் என் அப்பாரு தோட்டத்தில் முயல் சுட்டதைப் பார்த்ததற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?
— ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: சுட்டு வீழ்த்திய எல்க்கைக் காட்டிலிருந்து யார் சுமந்து வரப்போகிறார்கள் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தால் வழிகாட்டி இல்லாமலும் போகலாம். பதில் இல்லையென்றால், எவ்வளவு நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவராக இருந்தாலும் இந்த ஆண்டு அவர் தனியாகப் போகக் கூடாது. கொலராடோவில் பன்னிரண்டு ஆண்டுகள் வசித்து, ஆறு பருவங்கள் எல்க் வேட்டைக்குப் போய், இரண்டு முறை மட்டுமே கறியோடு திரும்பியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்த மாநிலத்தில் உரிமம் எடுப்பவர்களில் எல்க் கிடைப்பவர்கள் பொதுவாக ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே முதல் ஆண்டில் வெறுங்கையோடு திரும்புவது தோல்வியாகாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 320 கிலோ இருக்கும்; பெண் 225 கிலோ இருக்கும். காங்கேயத்துக்காரரான உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நல்ல காங்கேயம் பசு ஒன்று, வண்டி நிற்கும் இடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, செங்குத்தான சரிவில், பொழுது சாயும் நேரத்தில் விழுந்து கிடப்பதாக நினைத்துப் பாருங்கள். அதை அங்கேயே தோலுரித்து, கூறு போட்டு, துணிப்பைகளில் கட்டி, முதுகில் சுமந்து இறங்க வேண்டும். எலும்பு நீக்கிய கறி மட்டுமே ஆண் எல்க்கில் 90 கிலோ தேறும். ஒரு பின்னந்தொடையை எலும்போடு தூக்கினால் 25 கிலோவுக்குக் குறையாது. இருவர் போனால் ஆளுக்கு இரண்டு நடையோ மூன்று நடையோ ஆகும். ஒவ்வொரு நடையும் அரை நாளைத் தின்றுவிடும்.

என் இரண்டாவது பருவத்தில் நானும் நண்பர் ஒருவரும் வழிகாட்டி இல்லாமல் போய், ஒரு பள்ளத்தின் அடியில் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு பெண் எல்க்கைச் சுட்டோம். குளிர் கடுமையாக இருந்ததால் கறி கெடாது என்று நம்பி, குடலை மட்டும் எடுத்துவிட்டுத் தோலை உரிக்காமல் கூடாரத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, தரையை ஒட்டிக் கிடந்த பின்னந்தொடை எலும்பைச் சுற்றிக் கெட்டுப் போயிருந்தது. எல்க்கின் தோலும் மயிரும் கம்பளியைப் போலச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதும், வெளியே உறைபனி இருந்தாலும் பருத்த தொடை உள்ளிருந்தே கெடும் என்பதும் எங்களுக்கு அதுவரை தெரியாது. ஓர் உயிரை எடுத்துவிட்டு அதன் ஒரு பங்கை வீணாக்கியது இன்றும் என் மனத்தை அறுக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் அன்று உடன் இருந்திருந்தால், தலைவிளக்கு வெளிச்சத்திலேயே தோலை உரித்துத் தொடைகளைப் பிரித்து மரக்கிளையில் காற்றாடத் தொங்கவிட்டிருப்பார். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த அறிவுக்கும் அவர் வைத்திருக்கும் குதிரைகளுக்குமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆனால், வழிகாட்டியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே உங்கள் மகன் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி விசாவும் அதில் அடங்கும். ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. எனவே உரிமம் கைக்கு வருவதற்கு முன்னால் நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பயிற்சி செய்வதுகூட அவருக்குக் குற்றமாகலாம். விசாவும் வேலையும் இதில் அடங்கியிருப்பதால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்கட்டும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது நாள்காட்டி. அக்டோபரில் வேட்டை என்றால் வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இல்லாமல் கொலராடோவில் உரிமம் பெற முடியாது. குலுக்கல் முறையில் தரப்படும் உரிமங்களுக்கு ஏப்ரல் மாத முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர் உள்ளூர்வாசியாகக் கருதப்படுவதால், உங்கள் மகனுக்கு எல்க் உரிமம் நூறு டாலருக்குள் முடியும். டெக்சாஸ் மச்சானுக்கு எண்ணூறு டாலரை ஒட்டி ஆகும். ஒருவரின் உரிமத்தில் மற்றவர் சுடுவது அங்கே குற்றம் என்பதால், ‘எனக்குக் கிடைக்காவிட்டால் உன்னுடையதை நான் சுடுகிறேன்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் வேட்டைக்குப் பெண் எல்க் உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வேன். பல பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகளோ, அல்லது ஐந்து அங்குலத்துக்குக் குறையாத நெற்றிக் கிளையோ இருக்க வேண்டும். பதற்றத்தில் மரங்களுக்கு நடுவே கொம்பின் கிளைகளை எண்ணும் சுமை புதியவருக்கு வேண்டாம். பெண் எல்க்கின் கறியும் மென்மையானது.

இனி வழிகாட்டி. இதில் இரண்டு வழிகள் மட்டும் இருப்பதாக உங்கள் மகன் நினைக்கிறார். நடுவே ஒரு மூன்றாம் வழி இருக்கிறது. முழு ஏற்பாட்டில், வழிகாட்டி நாள் முழுவதும் உடன் நடப்பார். கூடாரம், சாப்பாடு, குதிரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. செலவு ஐயாயிரம் டாலரில் தொடங்கிப் பத்தாயிரத்தையும் தாண்டும். உரிமக் கட்டணமும் வழிகாட்டிக்குத் தரும் அன்பளிப்பும் இதில் சேராது. மூன்றாம் வழியை அங்கே ‘டிராப் கேம்ப்’ என்பார்கள். குதிரையில் ஏற்றிக்கொண்டு போய், ஏற்கெனவே கூடாரம் அடித்து அடுப்பு வைத்த இடத்தில் உங்களை இறக்கிவிடுவார்கள். தேடுவதும் சுடுவதும் உங்கள் பாடு. எல்க் விழுந்தால் தகவல் கொடுக்க வேண்டும், குதிரைகள் வந்து கறியைச் சுமந்து போகும். செலவு பாதியோ அதற்கும் குறைவோ ஆகும். கறி அறுக்கத் தெரிந்த ஒரு நண்பர் உடன் வருவாரானால் இதையே நான் பரிந்துரைப்பேன். அப்படி ஒருவர் இல்லையென்றால் முதல் ஆண்டு மட்டும் முழு வழிகாட்டியோடு போகட்டும். காட்டைப் படிப்பதையும் காற்றைக் கணிப்பதையும் ஒரு வாரத்தில் அவரிடம் கற்றுக்கொண்டால் அது வாழ்நாளுக்கும் போதும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. மலையில் அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் மேலே எழும். மாலையில் மறுபடியும் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை வைத்து ஆடி மாதத்தைக் கணிக்கும் நம் ஊர் விவசாயிக்கு இது புரியாத கணக்கில்லை. ஆனால் அங்கே அது ஒரே நாளில் இருமுறை திசை மாறுகிறது. காலையில் மேலிருந்தவாறு கீழே மேயும் எல்க்கை நெருங்க முயன்றால், உங்கள் வாடை உங்களுக்கு முன்பே அதனிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

வழிகாட்டி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொலராடோ அரசிடம் அது பதிவு பெற்றிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அரசுக் காட்டில் தொழில் நடத்த வனத்துறை தந்த அனுமதி இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை வேட்டையாளர்கள், கறியைச் சுமந்து இறக்குவது கட்டணத்தில் சேருமா, குலுக்கலில் உரிமம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கட்டும். ‘எல்க் நிச்சயம்’ என்று உறுதி தருபவரிடம் பணம் கட்ட வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பக்கத்து மாநிலமான வயோமிங்கில், கூட்டாட்சி அரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்த பகுதிகளில் வெளி மாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ உடன் இருக்க வேண்டும். அலாஸ்காவில் அமெரிக்கக் குடிமகன் அல்லாத வெளியூர்வாசிக்கு எந்தப் பெருவிலங்கானாலும் வழிகாட்டி கட்டாயம்.

கடைசியாக, உங்களைப் பற்றி. தொட்டபெட்டாவின் உயரம் 8,652 அடி. அக்டோபரில் எல்க் திரியும் மலைகள் பெரும்பாலும் 8,000 முதல் 11,000 அடி வரையானவை. சமவெளியிலிருந்து வண்டியில் போய் அன்றிரவே பத்தாயிரம் அடியில் படுத்த என் முதல் பருவத்தில், தலைவலியும் வாந்தியுமாகி மறுநாளே இறங்கி வந்துவிட்டேன். 5,280 அடியில் இருக்கும் டென்வரில் மகன் வீட்டில் குறைந்தது ஒரு வாரம் தங்கி, அதன் பின் எட்டாயிரம் அடியில் ஓரிரவு கழித்துப் படிப்படியாக ஏறுங்கள். புறப்படுவதற்கு முன் இதயமும் இரத்த அழுத்தமும் சோதித்து, மருத்துவரின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். சென்னிமலையின் 1,320 படிகளை வாரம் மூன்று நாள் பத்துக் கிலோ பையோடு ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் உங்களால் முடியும். மகனுக்கும் மச்சானுக்கும் அதே பயிற்சி அங்கே வேண்டும். நீங்கள் சுற்றுலா விசாவில் போவதால் துப்பாக்கியைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னாலும் தொடாதீர்கள். வேட்டையாளர்கள் இருவரும் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை குறைந்தது 500 சதுர அங்குலம் தெரியும்படி அணிய வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களும் அணியுங்கள்.

கேள்வி: எல்க் என்பது நம் கடமான்தானா? சத்தியமங்கலம் காட்டில் ஒரு கடமானைச் சுட்டால் சிறை என்கிறார்கள். அங்கே உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறார்கள். இது எப்படிச் சரியாகும்?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் மான் குடும்பமே ஆனாலும் வெவ்வேறு இனங்கள். பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலேயர்கள். ஐரோப்பாவில் எல்க் என்றால் அமெரிக்கர்கள் ‘மூஸ்’ என்று அழைக்கும் வேறொரு விலங்கு. இலங்கையில் இருந்த ஆங்கிலேயர்கள் கடமானையே எல்க் என்றார்கள். அமெரிக்க எல்க்குக்கு ஷானி பழங்குடியினர் வைத்த பெயர் வாப்பிட்டி. வெண்மையான பின்புறம் உடையது என்று பொருள்.

உங்கள் இரண்டாம் கேள்வி நியாயமானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இங்கே வேட்டையைத் தடை செய்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கடமான், மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டது. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நம் காடு துண்டு துண்டாகிவிட்டது. புலிக்கும் செந்நாய்க்கும் கடமான் உணவு. அதைச் சுட்டால் புலியின் தட்டிலிருந்து எடுத்ததாகும்.

கொலராடோவின் கணக்கு வேறு. அங்கும் ஒரு காலத்தில் கட்டுப்பாடின்றிச் சுட்டு, 1910 வாக்கில் மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவான எல்க்குகளே மிஞ்சின என்று மதிப்பிடுகிறார்கள். பிறகு வேட்டையை நிறுத்தி, வயோமிங்கிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டு, எண்ணிக்கை பெருகிய பின் கட்டுப்பாட்டோடு உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 2,80,000 எல்க்குகள் இருக்கின்றன. வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை உரிமம் என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உரிமக் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா மீது 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்படும் கூட்டாட்சி வரியும் வனவிலங்குத் துறைக்கே போகின்றன.

உரிமம் கொடுத்து வேட்டையைக் கட்டுப்படுத்தும் முறை நமக்கும் புதிதில்லை. நீலகிரியில் 1877இல் வேட்டையாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879இல் அதற்கெனச் சட்டமே வந்தது. இன்று அதே சங்கம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக இயங்குகிறது. கடமானைக் காண வேண்டுமானால் டாப்சிலிப்பில் வனத்துறை வாகனத்தில் விடியற்காலையில் போங்கள். அங்கே உடன் வரும் மலசர் இனத்து வழிகாட்டி, ஈரமண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதை நான் பலமுறை கேட்டு வியந்திருக்கிறேன். கொலராடோவின் தேர்ந்த வழிகாட்டிகளுக்கு அவர் சற்றும் குறைந்தவரல்லர்.

கேள்வி: அமெரிக்காவில் படிக்கப் போகிறேன். வில்லில் தொடங்கலாமா, துப்பாக்கியிலா?
— ஒரு மாணவர், உடுமலைப்பேட்டை

பதில்: துப்பாக்கியில் தொடங்குங்கள். வில் வேட்டை செப்டம்பரில், எல்க் இணைசேரும் பருவத்தில் நடக்கிறது. ஆண் எல்க் குழலூதுவது போல உச்சத்துக்குப் போய் உறுமலில் முடிக்கும் குரலை விடியற்காலையில் கேட்பது பெரிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வில்லுக்கு முப்பது, நாற்பது மீட்டருக்குள் நெருங்க வேண்டும். ஓராண்டாவது பயிற்சி இல்லாதவர் எய்தால் விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து சாகும். துப்பாக்கியிலும் முதல் ஆண்டில் 200 கஜத்துக்கு அப்பால் சுடாதீர்கள். மாணவர் விசாவுக்கும் மேலே சொன்ன சட்டம் பொருந்தும்.

கேள்வி: மருமகன் எல்க் கறி அனுப்புவதாகச் சொல்கிறார். அதில் ஏதோ நோய் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். சாப்பிடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிய முன்அனுமதி இல்லாமல் கறியைத் தபாலிலோ பெட்டியிலோ இந்தியாவுக்குக் கொண்டுவர முடியாது. கொம்பைக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். சுங்கத்திலும் வனத்துறையிலும் பதில் சொல்ல வேண்டிவரும். நீங்கள் அங்கே போகும்போது சாப்பிடுங்கள்.

நோயைப் பற்றி நீங்கள் கேட்டது உண்மை. மான் இனங்களைப் படிப்படியாக மெலியச் செய்து கொல்லும் இந்த நோயை 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்து மான்களில் முதலில் கண்டார்கள். ‘பிரியான்’ என்னும் புரதம் இதற்குக் காரணம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. வேட்டையாடிய எல்க்கின் தலையை மாநில வனவிலங்குத் துறையிடம் கொடுத்தால் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும் வரை கறியை உறையவைத்துக் காத்திருக்க வேண்டும். மூளை, முதுகெலும்பு ஆகியவற்றை வெட்டாமல், தொடாமல் கறியைப் பிரித்தெடுப்பது நல்லது. இவற்றோடு மாநில எல்லையைத் தாண்டப் பல மாநிலங்களில் தடை இருப்பதால், எலும்பு நீக்கிய கறியாகவே எடுத்துப் போகும்படி உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்.

சமைப்பது பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெள்ளாட்டுக் கறி போல நெடுநேரம் வதக்கினால் நார் நாராக விறைத்துவிடும். முதுகெலும்பை ஒட்டிய நீளத் தசையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு, பள்ளிபாளையம் கோழி வறுவல் பக்குவத்தில் விரைவாகப் புரட்டி இறக்கச் சொல்லுங்கள். தொடைக் கறியைக் குக்கரில் குழம்பாக வைக்கலாம்.